நூற்றுப் பதினேழாவது தாள்

டோர்ஷவ்ன் துறைமுகத்துக்கு மேலே,
மீன் சங்கம் காலிசெய்து போன மாடியறையில்
மூன்று குளிர்காலமாகக்
குணங்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
கேள்விகள் அறுபது. ஒவ்வொன்றுக்கும் கட்டங்கள் ஐந்து.
கேள்விகளைச் செய்தவர்கள்
ஒருவரையொருவர் தெரியாத பெரிய ஊர்க்காரர்கள்.

'அந்நியர்களிடம் எளிதில் பேசுவேன்.'
இந்தத் தீவில் இதற்கு என்ன விடை எழுதுவது?
இங்கே கடைசியாக வந்த அந்நியர்
என் சித்தப்பா மகளைக் கட்டிக்கொண்டார்.

நூற்றுப் பதினேழாவது தாளில்
அறுபது விடையும் நடுக்கட்டத்தில்.
ஏற்கவில்லை, மறுக்கவுமில்லை.
ஓரத்தில் மட்டும் பென்சில் கிறுக்கல்:
விருந்து பிடிக்குமா? யார் வீட்டில்?
திட்டமிட்டுச் செயல்படுவீர்களா? காற்று எந்தப் பக்கம்?
உணர்ச்சிகளை மறைப்பீர்களா? சுரங்கப்பாதையில் மறைக்கமாட்டேன்.
சாவைப் பற்றி யோசிப்பீர்களா? செவ்வாய்க்கிழமைகளில்.

கணினி ஒரே சொல் சொன்னது: செல்லாது.

ரூனாவீக்குக்குக் காரோட்டிப் போனேன்.
ஹேயின் மூழ்கும் உடுப்பை அலசிக்கொண்டிருந்தான்.
சால்மன் கூண்டின் அடியில்
செத்த மீன்களை அள்ளுகிற வேலை.
அன்றைக்குச் செவ்வாய்.
"ஏதாவது ஒரு பக்கம் சாயக் கூடாதா?" என்றேன்.
"அலையில் நிற்கிறவனிடமா கேட்கிறீர்கள்" என்று சொல்லவில்லை அவன்;
அதெல்லாம் நான் திரும்பும் வழியில் அவனுக்காக யோசித்தது.
அவன் கேட்டது இவ்வளவுதான்:
"நீங்கள் நிரப்பியிருக்கிறீர்களா?
கொஞ்சம் இந்தக் குழாயைப் பிடியுங்கள்."

நிரப்பியிருக்கிறேன்.
பத்தொன்பது வயதில், ஆர்ஹூஸில்,
ஈரக் கோட்டுகள் நாறும் வகுப்பறையில்,
விரல்விட்டுக் கூட்டினேன்.
அகத்தார், புறத்தார் என்று இரண்டு கரை.
நான் அகம்.
நான்காய் மடித்த அந்தத் தாள்
முப்பத்தொரு வருடமாகப் பணப்பையில்,
மருத்துவர் சீட்டு மாதிரி.

அதைச் சொல்லித்தான் பாடற்குழுவை விட்டேன்.
வராந்தாவின் கடைசி அறையைக் கேட்டு வாங்கினேன்.
வட்டமாய்க் கைகோத்து ஆட
பாவுர் கூப்பிட்ட இரவில்
"என் வகை அப்படி" என்றேன்.
ஏதோ ரத்தவகை போல.
அகத்தார் படிப்பார்களாம்; தத்துவம் படித்தேன்.
தன்னை அறிவது எப்படி என்று
எழுநூறு பக்கம் படித்த கையால்
அதே தாளை நேற்றிரவு பிரித்தேன்.

முப்பத்தோராம் கேள்வி.
'கூட்டத்தில் என் குரல் கேட்டால் கூசுவேன்.'
அறவே இல்லை என்று அழுத்திக் குறியிட்டிருக்கிறாள் அந்தப் பெண்.
தாள் கிழிகிற அழுத்தம்.
அது தலைகீழாக எண்ணவேண்டிய கேள்வி.
ஒன்று போட்டிருக்கிறாள்; ஐந்து.
நான்கு மதிப்பெண்.
கரை மாற இரண்டு போதும்.

மறுபடி நிரப்பினேன், இந்தமுறை பிழையில்லாமல்.
நான் அகம்.
ஐயத்துக்கே இடமில்லை, கரையைவிட்டு வெகுதூரம் உள்ளே.
ஆள்மாறித் தைத்த சட்டைதான்,
உடம்பு மெல்லச் சட்டையின் அளவுக்கு வந்துவிட்டது.
எது அறிவு இதில்?
அன்றைய பொய்யா, அது பெற்ற இன்றைய மெய்யா?
என் அலமாரியில் இதற்கொரு நூல் இருக்கும்,
எழுந்து போய் எடுக்கவில்லை.

ஆர்ஹூஸுக்கு '117 நீக்கப்பட்டது' என்று தட்டச்சி
அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.
தாளைத் திருப்பித் தருவதாகச் சாக்குச் சொல்லிக்கொண்டு
இன்று மீண்டும் ரூனாவீக் சாலை.
கடலுக்கடியில், சுரங்கத்தின் நடுவில்
நீல விளக்குகளோடு ஒரு வட்டச்சந்தி.
மூன்று வாய், மூன்று ஊர்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு வாயைத் திறந்தேன்.
பழைய பாட்டு, இரண்டாம் குரலுக்கான பகுதி மட்டும்;
முதல் குரலை இப்போது யார் பாடுகிறார்களோ.
ஒரு சுற்று.
பின்னால் வந்த லாரிக்காரர்
விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்.
எங்கள் பக்கத்துத் தெருதான் அவர்.
கையசைத்துவிட்டு
இன்னொரு சுற்று.